சிரிப்பு இமோஜி போடுறதுக்கு முன்னாடி...

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. கோயில் விஷயந்தான்.

கிள்ளான்ல எங்க கோயில் தொண்டர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்ல ஒரு கோலக் குழு வெச்சிருக்கோம். நவராத்திரிக்குக் கோலம் போட ஆள் சேர்க்கத்தான் ஆரம்பிச்சது. அப்புறம் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், ஷா ஆலாம்னு பல பக்கத்துல இருந்தும் வந்து சேர்ந்தாங்க. சிக்குக் கோலம், புள்ளிக் கோலம், தீபாவளிக்கு ஷாப்பிங் மால்ல போடுற கலர் அரிசிக் கோலம்னு தினமும் படம் வரும். நடுவுல கேலியும் கிண்டலும் ஓடும். வேலை முடிஞ்சு கேடிஎம்ல உட்கார்ந்தா அதைப் படிச்சுச் சிரிக்கறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

இந்த ஆடி மாசம் ஒரு நாள், ஒரு தம்பி முனியாண்டி சாமி படையல் படம் ஒன்னைப் போட்டு, அதுல இருந்த சுருட்டையும் பாட்டிலையும் வெச்சு ஒரு ஜோக் எழுதினார். அரை மணி நேரத்துல முப்பது சிரிப்பு. அதுல ஒன்னு என்னோடது. அடுத்து ஒருத்தர் "இதெல்லாம் ஒரு சாமியா?"ன்னு கேட்டார். இன்னொருத்தர் "இந்த மாதிரி கோயிலாலதான் நமக்குக் கெட்ட பேரு"ன்னார். அப்புறம் ஆகமம், பலி, படிச்சவங்க, படிக்காதவங்கன்னு வளர்ந்து கடைசியில சாதி வரைக்கும் போயிடுச்சு. நடுவுல ஒரு பிள்ளை தான் போட்ட முதல் சிக்குக் கோலத்தைப் போட்டிருந்தது. யாரும் பார்க்கல.

மறுநாள் காலையில ஓர் அக்கா குழுவை விட்டு வெளியேறினாங்க. வெள்ளிக்கிழமை பூ கட்டவும் வரல. மூனு வெள்ளி பார்த்துட்டு நான் போன் பண்ணினேன். அவங்க சொன்னது இதுதான்: "தம்பி, எங்கப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, மரத்தடி முனீஸ்வரனுக்குச் சூடம் காட்டிட்டுத்தான் பெரட்டுக்குப் போவாரு. பாம்பு, பன்னி எல்லாம் இருக்கற நிரையில அவருக்கு வேற யாரு துணை? நீங்க எல்லாம் சிரிச்சது எங்கப்பாவைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. நீயும் சிரிச்சிருந்த."

எனக்குப் பதில் வரல.

அன்னிக்கு ராத்திரி எனக்கு ஏரா எஃப்எம் ஞாபகம்தான் வந்தது. தைப்பூசம் பிப்ரவரி 11-ல முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆகல. 2025 மார்ச் தொடக்கத்துல அந்த வானொலி அறிவிப்பாளர்கள் மூனு பேர் "வேல் வேல்"னு சொல்லி ஆடிச் சிரிச்ச வீடியோ வந்தது. அவங்களுக்கு அது ஒரு நிமிஷ விளையாட்டு. அலகு குத்திக் காவடி எடுக்கறவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மன்னிப்புக் கேட்டாங்க, வேலையில இருந்து தற்காலிகமா நிறுத்தப்பட்டாங்க. தொடர்பு பல்லூடக ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 250,000 வெள்ளி அபராதம் போட்டது. அதோடயும் முடியல. ஒரு சமயப் பேச்சாளர் காவடியைப் பத்தி எழுதப்போய், நூத்துக்கணக்கான போலீஸ் புகார். ஒரு சிரிப்பு எங்க போய் நின்னதுன்னு நாமெல்லாம் பார்த்தோம்.

அப்போ எங்க கோலக் குழுவும் கொதிச்சது. "விளையாட்டுக்குச் செஞ்சோம்"ங்கிற பதிலை நாம யாரும் ஏத்துக்கல. சரிதான். ஆனா அதே பதிலைத்தானே நாம அந்த அக்காவுக்குக் கொடுத்தோம்? மத்தவங்க நம்ம வேலைப் பார்த்துச் சிரிச்சா வலிக்குது. நம்ம ஆளோட அரிவாளையும் சுருட்டையும் பார்த்து நாமளே சிரிச்சா அது தமாஷா?

"அப்போ இனிமே கேலியே வேணாம், கோலப் படம் மட்டும் போடுங்க"ன்னு சிலர் சொன்னாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சிரிப்பு இல்லாத இடத்துக்குத் தொண்டு செய்ய யாரு வருவா? அடிபிடிச்ச சக்கரைப் பொங்கல், அன்னதான வரிசையில ரெண்டு தடவை வர்ற அண்ணன், என்னோட கோணல் கோலம், இதையெல்லாம் வெச்சு நல்லா சிரிங்க. கிண்டலுக்கு ஆளானவரும் நம்ம கூடச் சேர்ந்து சிரிக்க முடியுதா? அதுதான் அளவுகோல்.

"பலியைப் பத்தி, படையலைப் பத்திப் பேசவே கூடாதா?"ன்னும் கேட்டாங்க. தாராளமா பேசணும். ஆனா ஒரு ஜோக்குக்குக் கீழே வேணாம். பூஜை முடிஞ்சு தே தாரே குடிச்சுக்கிட்டு முகம் பார்த்துப் பேசுவோம். கோயில் சமையல்கட்டுல காய் நறுக்கும்போது நாம ஏதாவது தப்பாச் சொல்லிட்டா, பக்கத்துல இருக்கற அக்காவோட கை சட்டுனு நிக்கும். அதைப் பார்த்ததும் நாமளும் பேச்சை நிறுத்திடுவோம். போன்ல அந்தக் கை தெரியாது.

இப்போ நாங்க மூனு பழக்கம் வெச்சிருக்கோம். பேச்சு தடம் மாறினா அட்மின் எல்லார் முன்னாடியும் திட்டக் கூடாது, சத்தமில்லாம அழிக்கவும் கூடாது. எழுதினவருக்கு நேரா போன் பண்ணணும். மத்தவங்க உடனே பதில் எழுதக் கூடாது. முதல் ஆள் போட்டது தீப்பொறின்னா, ரெண்டாவது மூனாவது ஆள்தான் எண்ணெய் ஊத்தறது. மூனாவது, நாலு பேர் முன்னாடி செஞ்ச தப்புக்கு நாலு பேர் முன்னாடியே மன்னிப்பு.

முதல் மன்னிப்பு நான் எழுதினேன். ஜோக் போட்ட தம்பியும் எழுதினார். நல்ல பையன், நெசமாவே அவருக்குத் தெரியல. அக்காகிட்ட நேர்லயும் போய்ப் பேசிட்டு வந்தார்.

அக்கா இன்னும் குழுவுல சேரல. ஆனா போன வெள்ளிக்கிழமை பூ கட்ட வந்தாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து நார் பிரிச்சுக் கொடுத்தேன். "உன் கோலத்தைவிட நார் பிரிக்கறது பரவால்ல தம்பி"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

நவராத்திரிக் கோலத்துக்கு ஆள் பத்தல. வர முடிஞ்சவங்க சொல்லுங்க. வேலும் மயிலும் துணை. முனீஸ்வரனும் துணை.