திரையரங்கில் நாம் எதற்காகக் கைதட்டுகிறோம்?

திரைப்படம் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பேசுவதையும் காதலிப்பதையும் கோபப்படுவதையும் நம் பிள்ளைகள் பெருமளவு அதிலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே, ஒரு படம் எத்தனை நாள் ஓடியது என்று கேட்பதைவிட, அதில் எந்த இடத்தில் நாம் கைதட்டினோம் என்று கேட்பது பயனுள்ளது.

2024ஆம் ஆண்டு ஜூன் தொடங்கி அக்டோபர் வரை வெளிவந்து, பரவலாகப் பேசப்பட்ட ஐந்து தமிழ்ப் படங்களை இந்தக் கேள்வியோடு பார்ப்போம். ஐந்தும் ஐந்து வகை. ஆனால் ஐந்திலும் காயப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் வேறுபாடு.

முதலில், காவல்துறைக் கதையான 'வேட்டையன்'. இயக்கியவர் த.செ. ஞானவேல். 'ஜெய் பீம்' (2021) படத்தில் காவல் நிலையக் கொடுமையை நம் கண்முன் நிறுத்தியவர். ஓர் ஆசிரியை கொல்லப்படுகிறார். ஊரே கொதிக்கிறது. ரஜினிகாந்த் ஏற்றிருக்கும் அதிகாரி, குற்றவாளி என்று கருதப்படும் இளைஞனைச் சுட்டுக் கொல்கிறார். ரசிகர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, இறந்தவன் குற்றமற்ற ஏழை என்று. நாயகனின் துப்பாக்கிக்கு அத்தனை மெருகேற்றிவிட்டுப் பின்னர் அதைக் குறை சொல்வது படத்தின் பலவீனம்தான். ஆயினும் நம் கைதட்டலையே நமக்கு எதிரான சாட்சியாக்கிய துணிவைப் பாராட்ட வேண்டும்.

இது வெறும் கற்பனையல்ல. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, கால்நடை மருத்துவர் ஒருவரின் கொலையில் கைதான நால்வரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றபோது, மக்கள் அவர்கள் மீது மலர் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, கொல்லும் நோக்கத்தோடே அவர்கள் சுடப்பட்டார்கள் என்று 2022இல் அறிக்கை அளித்தது. இதற்கிடையே 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் காவல்துறையினர் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தபோது தமிழகமே கொதித்தெழுந்தது. விசாரணையின்றித் தண்டிக்கும் உரிமையைத் திரையில் கைதட்டிக் கொடுத்துவிட்டு, அது நம் தெருவுக்கு வரும்போது மட்டும் அழுவது எப்படி நியாயமாகும்?

அடுத்து, 'மகாராஜா'. நித்திலன் சுவாமிநாதன் இயக்கிய குற்றப் புனைவு. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் குப்பைத் தொட்டி காணவில்லை என்று புகார் கொடுக்க வந்து, காவல் நிலையத்தில் கேலிக்கு ஆளாகிறார். உண்மையில் அவர் தேடுவது மகளைச் சீரழித்தவனை. முன்பின்னாகக் கலைத்து அடுக்கிய திரைக்கதை நம்மைக் கட்டிப்போடுகிறது. ஆனால் ஒரு சிறுமியின் வேதனை, தந்தையின் பழிவாங்கலுக்கு எரிபொருளாகிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. அதிலிருந்து படத்தைக் காப்பது, குற்றவாளியின் முன் அந்தப் பெண்ணே தலைநிமிர்ந்து நின்று பேசும் காட்சி. தந்தையின் அரிவாளைவிட அவளுடைய சொற்களுக்கு வலிமை அதிகம்.

மூன்றாவது, மாரி செல்வராஜ் தம் சிறுவயது அனுபவத்திலிருந்து உருவாக்கிய 'வாழை'. விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்க வேண்டிய சிறுவன், ஏற்கெனவே வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுண்ட ஊர். கூலியில் தாருக்கு ஒரு ரூபாய் உயர்வு கேட்பதே பெரும் போராட்டமாகிறது. தார் ஏற்றிய லாரியின் மேலேயே அமர்ந்து வந்த தொழிலாளர்கள், அது கவிழ்ந்து இறந்துபோகிறார்கள். இங்கே சுட்டுக் கொன்றுவிட்டு நிம்மதியடைய ஒரு வில்லன் இல்லை. அநீதி, கூலியிலும் கடனிலும் ஒளிந்திருக்கிறது. அரங்கில் கண்ணீர் விட்ட நாம், லாரிச் சுமையின் மேல் அமர்ந்து செல்வோரைச் சாலையில் காணும்போது என்ன நினைக்கிறோம்?

மீதி இரண்டு படங்களிலும் கொலை இல்லை. தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து' ஊர்க் கிரிக்கெட்டைச் சொல்லும் விளையாட்டுப் படம். தன்மானத்துக்காக மோதிக்கொள்ளும் இருவர், மாமனாரும் மருமகனுமாக ஆக வேண்டிய நிலை. சாதியின் பேரால் அணியில் இடம் மறுக்கப்பட்ட வலியையும் படம் மறைக்காமல் சொல்கிறது, சிரிக்கவும் வைக்கிறது. யாரும் யாரையும் வீழ்த்தாமல், இறங்கி வருவதையே வெற்றியாக்குகிறது.

ச. பிரேம்குமாரின் 'மெய்யழகன்' குடும்பச் சித்திரம். சொத்துத் தகராறில் பூர்வீக வீட்டை இழந்து, 1996இல் தஞ்சாவூரை விட்டுப் போன குடும்பத்தின் மகன், 22 ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். பெயர்கூட நினைவில்லாத ஓர் உறவினர் காட்டும் அன்பு, அவர் நெஞ்சில் இறுகிப்போன கசப்பைக் கரைக்கிறது. பங்காளிச் சண்டையால் பேச்சுவார்த்தை அறுந்துபோன வீடுகள் நம்மிடையே எத்தனை! படம் சற்றே நீளம் என்றாலும், அத்தகைய வீடுகளில் சேர்ந்து பார்க்கத் தகுந்தது.

துப்பாக்கி வெடிக்கும்போது கைதட்டுவது எளிது. ஒருவர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்கும் காட்சியில் பெரும்பாலும் அரங்கம் அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதியை நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வது பெற்றோராகிய நம் கடமை. அடுத்த முறை குடும்பமாக ஒரு படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, “கதை எப்படி?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “செத்துப்போனவன் நம் வீட்டுப் பையனாக இருந்திருந்தால்?” என்றும் கேட்டுப் பார்ப்போம். பிள்ளைகளின் பதிலைப் பொறுமையோடு கேட்போம். நம் பதிலையும் மறைக்காமல் சொல்வோம்.