ஆய்வேடு காப்பகத்தில், குரல்கள் மேசையறையில்

முனைவர் பட்டம் பெற ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைத்தாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2016இலும் 2022இலும் வகுத்த விதிமுறைகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. அவ்வேடுகள் காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ‘சோத்கங்கா’வில் சேர்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏடு எந்தக் களப்பதிவுகளின்மேல் எழுந்ததோ, அவற்றை ஒப்படைக்குமாறு அவ்விதிமுறைகள் கேட்பதில்லை. முடிவுகள் காப்பகத்தில் இருக்க, சான்றுகள் ஆய்வாளரின் மேசையறையில் ஒரு வன்தட்டில் கிடக்கின்றன. இதற்காக மொழியியலாளராகிய நாம் வெட்கப்பட வேண்டும்.

மின்வடிவில் இருப்பதாலேயே ஒன்று நிலைத்துவிடும் என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை. ஓலைச்சுவடி சில தலைமுறைகள் தாங்கும். வன்தட்டு நம் பணிக்காலத்தையே தாங்காது. இந்திய மொழியியல் அளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை கிரியர்சனின் முயற்சியால் பதிவான இசைத்தட்டுகளை இன்றும் கேட்க முடிகிறது. பத்தாண்டுகளுக்கு முன் நம் துறைகளில் பதிந்தவற்றுள் எத்தனையை இன்று கேட்க முடியும்?

அந்தமானில் போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். அவர் குரல் எஞ்சியிருப்பதற்கு அன்விதா அப்பியின் உழைப்பு முதற்காரணம். பதிவுகளைக் காப்பகத்தில் சேர்ப்பதை நிபந்தனையாக்கிய நிதித்திட்டம் இரண்டாம் காரணம். இலண்டனில் இருந்த அக்காப்பகம் 2021இல் பெர்லினுக்கு இடம்பெயர்ந்தது. அந்தமான் மொழியின் குரலைக் கேட்க இந்திய மாணவர் பெர்லினை நாட வேண்டியிருப்பது பெர்லினின் குற்றமன்று, நம் குற்றம். அயலகக் காப்பகம் ஒன்றே போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பிரித்தானிய நூலகத்தின் மின்தொகுப்புகளே மாதக்கணக்கில் முடங்கின.

“பேசியோரின் அந்தரங்கம் என்னாவது?” என்று வினவுவோர் உண்டு. ஒப்படைத்தல் வேறு, வெளியிடுதல் வேறு. எதை யார் கேட்கலாம் என்பதைப் பேசியோரே வரையறுக்க வழியுண்டு. மேசையறையில் பூட்டிவைத்தால் அவர்களுக்கு அந்த உரிமையும் இல்லை. பதிவு ஆய்வாளரின் தனிச்சொத்தாகிவிடுகிறது.

கோரிக்கை எளியது. களப்பதிவுகளும், மொழி, ஊர், நாள், ஒப்புதல் ஆகியவற்றின் விவரப்பட்டியும் இன்றி அவற்றின்மேல் எழுந்த எந்த ஆய்வேட்டையும் ஏற்கலாகாது. மைசூரின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் அவற்றுக்குத் தாயகமாகலாம். இரண்டாம் படி வேறோர் ஊரில் இருக்கட்டும். மூன்றாம் படி பேசிய மக்களிடமே சேரட்டும். செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும், மாணவர் அல்லர்.

அடுத்த துறைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். அதுவரை காத்திராமல், உங்களிடமுள்ள பதிவுகளுக்கு இன்றே ஒரு படியெடுத்து விவரப்பட்டி எழுதத் தொடங்குங்கள்.