சாக்லெட்டும் நீரிழிவும்

நீரிழிவு நோய் இன்று இந்திய நாட்டில் ஒரு சிலரை மட்டும் பற்றிய செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்று, 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆய்வு, ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் மக்கள் இந்நோயுடையோர் என்றும், மேலும் 13 கோடியே 60 லட்சம் மக்கள் நோய்க்கு முந்திய நிலையில் இருப்போர் என்றும் மதிப்பிட்டது. இதே காலத்தில் சாக்லெட் என்னும் பண்டம் நகரத்து அங்காடியிலிருந்து கிராமத்துப் பெட்டிக்கடை வரை பரவிவிட்டது. பிறந்த நாள், பள்ளி விழா, தீபாவளி ஆகியவற்றில் அது கைக்குக் கை வழங்கப்படுகிறது. எனவே, "இதை உண்ணலாமா?" என்று நோயுடையவர் வினவுவது இயல்பே. அவ்வினாவை முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். ஊரிலுள்ள சுகாதாரப் பணியாளரும் பள்ளி ஆசிரியருமே ஆவர்.

இவ்வினாவிற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. சாக்லெட்டைத் தொடவே கூடாது என்பது ஒன்று. 'சர்க்கரையில்லாச் சாக்லெட்' என்று விற்கப்படுவதை வாங்கி வேண்டிய மட்டும் உண்ணலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே பொருத்தமற்றவை. உறையின் பின்புறத்தைப் படித்து, சாதாரணச் சாக்லெட்டில் ஒரு சிறு துண்டை அன்றைய உணவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு உண்பதே பெரும்பாலோருக்கு ஏற்ற வழியாகும்.

சாக்லெட்டில் உள்ளவை

கோக்கோ விதையினின்று பெறப்படும் தூளும் கொழுப்பும், சர்க்கரையும், சில வகைகளில் பாலும் சேர்ந்ததே சாக்லெட். 100 கிராம் பால் சாக்லெட்டில் சர்க்கரை ஏறத்தாழ 50 கிராம் அல்லது அதற்குச் சற்று மேலாகவும், கொழுப்பு ஏறத்தாழ 30 கிராமாகவும் இருப்பது வழக்கம். 'டார்க்' எனப்படும் கறுப்புச் சாக்லெட்டில், கோக்கோ 70 முதல் 85 விழுக்காடு வரை உள்ள வகையில், சர்க்கரை ஏறத்தாழ 24 கிராமாகக் குறைகிறது. நார்ப்பொருள் ஏறத்தாழ 11 கிராமாக உயர்கிறது. ஆயின் கொழுப்பு 43 கிராமை எட்டுகிறது. கிடைக்கும் ஆற்றல் 600 கிலோ கலோரிக்கு அருகில் உள்ளது. அதாவது, கறுப்புச் சாக்லெட்டில் சர்க்கரை பாதியாகிறதேயன்றி ஆற்றல் குறைவதில்லை. இரண்டாம் வகை நீரிழிவில் உடல் எடையும் கவனிக்கப்படவேண்டிய ஒன்றாதலின், கசப்பாக இருப்பது எவ்வளவு உண்டாலும் கேடில்லை என்று கருதுவது பிழையாகும்.

'சர்க்கரையில்லா' என்னும் சொல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, 100 கிராமில் அரை கிராமுக்கு மிகாமல் சர்க்கரை உள்ள பண்டத்தையே சர்க்கரையற்றது எனக் கூறலாம். ஆகவே உறையின் முகப்பிலுள்ள அச்சொல் பொய்யன்று. ஆனால் அது முழுச் செய்தியும் அன்று. சர்க்கரை நீங்கிய இடத்தில் பெரும்பாலும் மால்ட்டிட்டால் போன்ற பாலியால் வகை இனிப்பூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. சர்க்கரை கிராம் ஒன்றுக்கு 4 கிலோ கலோரி தருமாயின், மால்ட்டிட்டால் 2 கிலோ கலோரிக்குச் சற்று மேலாகத் தருகிறது. இரத்தத்தின் குளுக்கோஸை அது சர்க்கரையைவிடக் குறைவாக உயர்த்துகிறது. ஆயினும் அறவே உயர்த்தாமல் இருப்பதில்லை. கொழுப்போ இருந்த அளவிலேயே இருக்கிறது. பாலியால்கள் மிகுந்தால் வயிற்றுப் போக்கும் உண்டாகும். இதனாலேயே, அவை 10 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள பண்டங்களின் உறையில் எச்சரிக்கை வாசகம் பொறிக்கப்படவேண்டும் என்று விதி உள்ளது.

இவை எல்லாவற்றிலும் பெரிய தீங்கு மனப்போக்கில் விளைவது. சாதாரணச் சாக்லெட்டில் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்பவர், சர்க்கரையில்லை என்ற சொல்லை நம்பி முழுக் கட்டியையும் உண்டுவிடுகிறார். விலையும் பெரும்பாலும் கூடுதலே. குறைந்த வருவாயுடைய குடும்பம், பருப்புக்கும் காய்கறிக்கும் செலவிடவேண்டிய பணத்தை இதற்குச் செலவிடுமாயின், நோயாளருக்கு அது நன்மையாகாது.

இத்துறையில் ஜெர்மனியின் அனுபவம் நோக்கத்தக்கது. நீரிழிவுடையோர்க்கென்றே பழச்சர்க்கரை முதலியன சேர்த்துச் செய்த தனி உணவுகள் அந்நாட்டில் நெடுங்காலம் விற்பனையில் இருந்தன. இத்தகைய உணவு தேவையற்றது, எல்லோர்க்கும் ஏற்ற சமநிலை உணவே நீரிழிவுடையோர்க்கும் ஏற்றது என்ற முடிவின்பேரில், 2010-ஆம் ஆண்டில் அதற்கான விதிகள் நீக்கப்பட்டன. எஞ்சிய சரக்கைக் கடைகளிலிருந்து அகற்ற 2012 வரை அவகாசம் தரப்பட்டது. ஜெர்மனி கைவிட்ட அவ்வழியை இந்தியர் புதிதாக மேற்கொள்ள வேண்டிய காரணம் எதுவுமில்லை.

ஆராய்ச்சியும் அதன் எல்லையும்

கறுப்புச் சாக்லெட் நீரிழிவைத் தடுக்கும் என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வெளியாகிறது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டாகும். அமெரிக்கச் செவிலியரையும் பிற மருத்துவத் துறையினரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வாரத்தில் ஐந்து முறையேனும் கறுப்புச் சாக்லெட் உண்டவரிடையே இரண்டாம் வகை நீரிழிவு 21 விழுக்காடு குறைவாகத் தோன்றியது. பால் சாக்லெட்டில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இவ்வாய்வு நோய் இல்லாதவரைப் பற்றியது, நோயுடையவரைப் பற்றியதன்று. மேலும், இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்பட்டமையால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது. ஆகையால் சாக்லெட்டை மருந்தாகப் பரிந்துரைக்க இதில் இடமில்லை. அதை இன்பத்திற்காக உண்ணும் பண்டமாகக் கருதுவதே நேர்மையானது.

உறையின் பின்புறம்

தேர்ந்தெடுக்கும் முறை கடினமானதன்று. ஆறாம் வகுப்புக் கணிதமே போதும். முதலாவதாக, சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுகின்றன. முதற்பெயர் சர்க்கரையாயின், முகப்பில் 'டார்க்' என்று எழுதியிருப்பினும் அது இனிப்புப் பண்டமே. கோக்கோவின் பெயர் முதலில் நிற்பதும், கோக்கோ 70 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனக் குறித்திருப்பதும் விரும்பத்தக்கவை. இரண்டாவதாக, 100 கிராமுக்குரிய மொத்தக் கார்போஹைட்ரேட், சேர்க்கப்பட்ட சர்க்கரை, ஆற்றல் ஆகிய எண்களைக் காணவேண்டும். மூன்றாவதாக, அவற்றை உண்ணப்போகும் அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 100 கிராமில் 60 கிராம் கார்போஹைட்ரேட் உள்ள சாக்லெட்டில் 40 கிராம் எடையுள்ள கட்டி ஒன்றை முழுவதும் உண்டால் 24 கிராம் உடலிற் சேரும்; பாதி உண்டால் 12 கிராம் சேரும். ஒரு சிறு சப்பாத்தியில் ஏறத்தாழ 15 கிராம் உள்ளது. எனவே பாதிக் கட்டி உண்ண விரும்புபவர் அவ்வேளை ஒரு சப்பாத்தியைக் குறைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகும். இன்சுலின் செலுத்திக்கொள்பவர் மருத்துவர் கூறிய கணக்கின்படி அளவை அமைத்துக்கொள்ளலாம். குளுக்கோஸ் கட்டுக்கடங்காது இருப்பவர் முதலில் மருத்துவரை அணுகுதல் வேண்டும். வெறும் வயிற்றில் உண்பதைவிட உணவின் முடிவில் மெதுவாகச் சுவைத்து உண்பது நலம்.

சாக்லெட் உதவாத வேளை

ஆசிரியர்கள் சிறப்பாக அறியவேண்டுவது ஒன்றுண்டு. இன்சுலின் செலுத்திக்கொள்ளும் மாணவருக்குச் சில வேளைகளில் குளுக்கோஸ் திடீரெனக் குறைந்து, வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியன தோன்றும். அப்போது சாக்லெட்டைத் தரும் வழக்கம் பரவலாக உள்ளது. சாக்லெட்டின் கொழுப்பு, சர்க்கரை இரத்தத்திற் சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. அந்நேரத்தில் தாமதமே ஆபத்து. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுத்தலோ, 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்தலோ தக்கது. 15 நிமிடங்கழித்து மீண்டும் சோதித்து, தேவையாயின் திரும்பக் கொடுக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊட்டாமல் உடனே மருத்துவ உதவியை நாடவேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ஆம் ஆண்டில், முதல் வகை நீரிழிவுடைய மாணவர் தேர்வு மையத்திற்குச் சர்க்கரை மாத்திரை, சாக்லெட், பழம் முதலியவற்றைக் கொண்டுவர அனுமதித்தது. வரவேற்கத்தக்க அவ்வனுமதியைப் பயன்படுத்துகையில், அவசரத்திற்கு மாத்திரையே முதலிடம் பெறுவது நன்று.

தடையும் கணக்கும்

முற்றும் விலக்குவதே எளிய அறிவுரை எனச் சிலர் வாதிப்பர். சொல்பவருக்கு அது எளியதே, கடைப்பிடிப்பவருக்கு அவ்வாறன்று. நீரிழிவு வாழ்நாள் முழுவதும் உடன் வருவது. விழாவில் தன் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு நிற்பதைப் பெற்றோர் எத்தனை ஆண்டுகள் பொறுப்பர்? விலக்கப்பட்டவர் மறைவில் உண்கிறார். மறைவில் உண்டது மருத்துவரின் கணக்கில் வருவதில்லை. அதனால் மருந்தின் அளவு பிழைபடுகிறது. பழி நோயாளர் மேல் விழுகிறது. வெளிப்படையாக உண்ணப்படும் 20 கிராமைக் காட்டிலும் மறைவில் உண்ணப்படும் 20 கிராமே மிகுந்த தீமையைச் செய்கிறது.

களப் பணியாளர் தம் அடுத்த கூட்டத்திற்குச் சில காலி உறைகளைக் கொண்டுசென்று, அவற்றின் பின்புறத்தை மக்களோடு சேர்ந்து படித்துக் காட்டலாம். ஆசிரியர் அதே உறைகளை விழுக்காட்டுக் கணக்கிற்குப் பாடப் பொருளாக்கலாம். அவ்வாறு கற்ற குடும்பத்தில், உண்ணலாமா என்று எவரையும் கேட்கவேண்டிய நிலை மறைந்து, எவ்வளவு உண்ணலாம் என்பதைத் தாமே கணக்கிட்டு அறியும் நிலை உருவாகும்.