தம்பி, லைட்டு எரியுதுங்க!

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பட்டப்பகலில் புது பைக்கில் போய்ப் பாருங்கள். எலச்சிபாளையம் வருவதற்குள் எதிரே வருகிறவர்களில் நாலு பேராவது ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரிப்பார்கள். ‘லைட் எரியுது, அணைங்க’ என்று அர்த்தம். டீக்கடைப் பெரியவர் ஒரு படி மேலே: “ஏனுங்க தம்பி, பகல்ல எதுக்குங்க தீவட்டி?”

அணைக்க சுவிட்ச் இருந்தால்தானே! 2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் டூவீலர்களில், எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். தேதியைப் பார்த்து ஏப்ரல் ஃபூல் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது!

நண்பர் ஒருவர் மெக்கானிக்கைப் பிடித்து, தனியாக ஒரு ‘ஆஃப்’ சுவிட்ச் வைத்துக்கொண்டார். “பெட்ரோல் மிச்சம்டா!” பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். சாதாரண ஹாலஜன் பல்பு 35 வாட். 100 சி.சி. எஞ்சின் முழு மூச்சில் தரும் சக்தி சுமார் 6,000 வாட். யானை தின்னும் கரும்பில் எறும்பு நக்கியது எவ்வளவு ஸார்?

“ஸ்வீடன்ல 1977-லயே காருக்குக்கூட இந்தச் சட்டம் வந்துச்சு. ஆனா அது இருட்டு ஊரு. நம்ம சேலத்து வெயிலுக்கு எதுக்கு?” என்றார் விடாமல். வெயிலுக்குப் பஞ்சமில்லாத மலேசியாவில் 1992-லேயே மோட்டார் சைக்கிள்களுக்குப் பகல் விளக்கு கட்டாயம். ஆக, விளக்கு நாம் ரோட்டைப் பார்க்க அல்ல. ரோடு நம்மைப் பார்க்க!

நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் சொன்னார்: “மத்தியானம் கானல் அடிக்கறப்ப, சைடு கண்ணாடியில கறுப்பு பைக் தார் ரோட்டோட கரைஞ்சிடுதுங்க. லைட் எரிஞ்சா ஒரு பொட்டாட்டம் தெரியும். அதைப் பார்த்துட்டா ஸ்டியரிங்கை ஒடிக்க மாட்டேன்.”

நண்பர் மிச்சம் பிடித்தது அந்தப் பொட்டைத்தான். பெட்ரோல் கணக்கில் வரவு சில பைசா. பற்று எழுத வேண்டி வந்தால், எழுத ஆள் இருக்க வேண்டுமே!

இதில் வேடிக்கை, பகலில் விரல் விரிக்கும் அதே ஆசாமி ராத்திரியில் ஹை பீமில் வந்து நம் கண்ணைப் பறிப்பார். டிம் அடிக்க மட்டும் விரல் வராது.

இனி யாராவது விரலை விரித்தால் கோபப்படாமல் ஒரு சலாம் வையுங்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டார். அதாவது, லைட் தன் வேலையைச் செய்துவிட்டது!