வக்கீலுக்குச் சுகாதாரத்தில் என்ன வேலை?

வியாதியை டாக்டர் பார்த்துக் கொள்வார். சுகாதாரக் கல்லூரியில் வக்கீலுக்கு என்ன வேலை?

அமெரிக்கரான ஜார்ஜ் அன்னாஸின் வாழ்க்கை இதற்குப் பதில் சொல்கிறது. அவர் 1970-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். அத்தோடு நிற்கவில்லை. 1972-ல் அங்கேயே பொதுச் சுகாதாரப் பட்டமும் வாங்கினார். பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சுகாதாரச் சட்டம் கற்பிக்கும் பேராசிரியர் ஆனார்.

ஆஸ்பத்திரி நோயாளிகளின் உரிமைகள் பற்றி 1975-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். என்ன சிகிச்சை, அதில் என்ன ஆபத்து என்று அறிந்து கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. "வேண்டாம்" என்று சொல்லவும் உரிமை உண்டு.

கொள்ளை நோய் வந்தால்? பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் 1902-ல் பெரியம்மை பரவியது. அம்மை குத்திக் கொள்ள மறுத்த ஜேக்கப்சன் என்ற பாதிரியாருக்கு 5 டாலர் அபராதம் விழுந்தது. 1905-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது சரியே என்றது.

அவரவர் உடம்பு அவரவருக்குச் சொந்தம். ஊரோ எல்லோருக்கும் சொந்தம். இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே? அதைச் சொல்ல மருந்து மட்டும் தெரிந்தால் போதாது. சட்டமும் தெரிய வேண்டும். சுகாதாரம் படிப்பவர்கள் வக்கீலிடம் பாடம் கேட்பது நோயாளிக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.