பாவைக்கு ஆடை அணியன்று

நாணம் இல்லாதவரின் நடமாட்டத்தைக் கயிற்றால் இயங்கும் மரப்பாவைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கயிறே இன்றி உயிருள்ளதுபோல் மயக்கும் பாவைகளும் உள்ளன. ‘ஸ்டாப் மோஷன்’ என வழங்கும் திரைப்படங்களின் பாவைகளே அவை. பாவையைச் சிறிது அசைத்து ஒரு படம். மீண்டும் சிறிது அசைத்து ஒரு படம். இவ்வாறு எடுத்த 24 படங்கள் ஓடினால் திரையில் ஒரு நொடி கழியும். ஒரு நிமிடத்திற்கு 1,440 படங்கள் வேண்டும்.

இப்படங்களைக் காண்போர் இயக்குநரைப் போற்றுகின்றனர், அசைவூட்டுநரைப் போற்றுகின்றனர். பாவைக்கு ஆடை தைத்தவரை மட்டும் ஒப்பனை செய்தவராகவே எண்ணுகின்றனர். இம்மதிப்பீடு பிழையானது என்பதே என் கருத்து.

பாவையின் உடலுக்குள் மூட்டுகளுடன் கூடிய உலோகக் கூடு உண்டு. ஆதலால் அது வைத்த நிலையில் நிற்கும். துணிக்கு அவ்வியல்பு இல்லை. அசைவூட்டுநரின் விரல் படுந்தோறும் மடிப்பு மாறும். திரையில் ஆடை காரணமின்றித் துடிக்கும். எனவே விளிம்பினுள் மெல்லிய கம்பியை வைத்துத் தைக்கின்றனர். நாம் உடுத்தும் துணியின் இழை, சிறு பாவையின்மேல் கயிறுபோல் தடித்துத் தோன்றுமாதலால் நுண்ணிழைத் துணியைத் தேடுகின்றனர்.

ஆயிரத்தொரு இரவுக் கதைகளைத் தழுவி, ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ என்னும் நிழலுருவப் படத்தை 1926இல் அளித்தார் ஜெர்மானியப் பெண்மணி லோத்தே ரைனிகர். அவர் கத்தரித்த உருவங்களில் உடல் வேறு, உடை வேறு அன்று. தலைப்பாகையின் வடிவைக் கொண்டே ஆளை அறிகிறோம்.

2009இல் வெளிவந்த அமெரிக்கப் படமான ‘கோரலைன்’ மற்றுமொரு சான்று. அதன் நாயகியான சிறுமிப் பாவை ஏறத்தாழ ஒரு சாண் உயரமே. அது அணியும் விண்மீன் பொறித்த சட்டையையும் கையுறையையும் அல்தியா குரோம் என்னும் பெண்மணி கம்பிபோல் மெலிந்த ஊசிகளால் பின்னினார். பாவையின் மாறும் முகங்களை உருவாக்க அப்படத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம் உதவியது. சட்டைக்கோ மனிதக் கையே வேண்டியிருந்தது.

அணியின்றியும் செய்யுள் நிற்கும், அசையின்றி நில்லாது. பாவைக்கு ஆடை அணியன்று, அசைபோன்ற உறுப்பு. அதனைத் தைப்பவரும் அப்பாவையை நடிக்கச் செய்பவரே.

கையுழைப்பால் உண்ணும் உணவை நபிகள் நாயகம் (ஸல்) சிறப்பித்ததை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கின்றோம். ஆயினும் வீட்டில் பூத்தையல் கற்ற நம் மாணவியர், அதனை ஒரு கல்வியாகச் சொல்லிக்கொள்ளத் தயங்குகின்றனர். அத்தயக்கம் அவர்களது குற்றமன்று. ஏட்டுக் கல்வியை மட்டுமே கல்வியென மதிக்கக் கற்பித்த ஆசிரியர்களாகிய நாமே அதற்குப் பொறுப்பாவோம்.