தடுப்புக்கு அந்தப் பக்கம் யார்?

'ஓப்பன் பிளான்' வீடு எண்டு தேடினால் வருகிற படங்களில் பெரிய ஹோல், கண்ணாடி யன்னல், நடுவில் அழகான ஒரு மரத் தட்டி இருக்கும். அந்த வீட்டுக்காரர் சுவர் வேண்டாம் என்று தானாகத் தீர்மானித்தவர். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியிருக்கிற எங்கட வீடுகளில் கன இடங்களில் உள்சுவர் இல்லாதது தெரிவு இல்லை. காசு அந்த இடத்தில முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கட்டிய தற்காலிக வீடுகள் பொதுவாக 200 சதுர அடி. ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு 40. அவசரகால உதவிக்கான 'ஸ்பியர்' சர்வதேச நியமம் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கேட்கிறது. அது ஏறத்தாழ 38 சதுர அடி. கணக்குச் சரி. ஆனால் அதே நியமம், உள்ளே பிரித்துக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. சதுர அடியை எல்லாரும் அளந்தார்கள், தடுப்பை மறந்தார்கள். பிறகு வந்த நிரந்தர வீடுகளுக்கு 500 சதுர அடி குறைந்தபட்சமானது. போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டம் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தது. சுவரும் கூரையும் எழும்பின. உள்கதவு மட்டும் 'பிறகு பார்ப்பம்' ஆகி, நிலையில் இன்றும் சேலை தொங்குகிற வீடுகள் இருக்கின்றன.

அந்தச் சேலையை நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு: ஹோலுக்குள் ஒரு தடுப்பு வைக்க முடிந்தால் அதை யாருக்காக வைக்கிறம்? வழக்கமாக முதல் தடுப்பு குசினியை மறைக்க வரும், வாற ஆக்களுக்குச் சட்டி பானை தெரியக்கூடாதே. அடுத்தது சாமிப்படத்துக்கு. ஏ.எல். படிக்கிற பிள்ளை மட்டும் ரீவிக்கும் தையல் மெசினுக்கும் நடுவில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கும். மாதத்தில் ஒருமுறையோ இருமுறையோ வருகிற விருந்தாளிக்கு மறைப்பு, நாள் முழுக்க வாழ்கிறவளுக்கு இல்லை.

'வாழ்கிறவள்' என்று வேணுமென்றுதான் எழுதுகிறேன். பொடியனுக்கு வீட்டில் இடம் இல்லாட்டி டச்சு பே கடற்கரை இருக்கு, நண்பன் வீடு இருக்கு. ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லப்படுகிறவள் தங்கைதான். உடுப்பு மாற்றவும் படிக்கவும் சும்மா கொஞ்சம் அழவும்கூட அவளுக்குக் குளியலறைக் கதவு ஒன்றுதான்.

இதுக்குப் பெரிய காசு தேவையில்லை. ஒரு பழைய கொட்டன் சேலை ஐந்தரை மீற்றர் நீளம். இரண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கம் தைத்தால் ஏறத்தாழ ஏழடி அகலத் திரை. வளைக்கு வளை கம்பி இழுத்துத் தொங்கவிடலாம். ஆனால் ஒற்றைத் துணிக்குப் பின்னால் லைட் போட்டால் வீடே பாவைக்கூத்து பார்க்கும், அதனால் இரட்டையாக வையுங்கள். அடுப்புக்குக் கிட்ட மட்டும் துணி வேண்டாம்.

இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் சிலாகையில் சட்டம் அடித்து, பன்பாயை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு சட்டத்தைக் கீல் போட்டு இணைத்தால் தானாக நிற்கும், தேவையில்லாத நேரம் மடித்து வைக்கலாம். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க வேண்டியதும் இல்லை. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் குறுக்கே திருப்பினால் ஒரு சதமும் செலவில்லை. முதுகுப் பலகையில் துணி ஒட்டி, விழாமல் மேலே கட்டிவிடுங்கள். பிளைவூட்டை முகட்டு மட்டும் ஏற்றுவதை யோசித்துச் செய்யுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது அறை இல்லை, போறணை. ஆறடியோடு நிறுத்தினால் மேலால் காற்றும் வெளிச்சமும் போய் வரும்.

இது ஏழை வீட்டுச் சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம். 2011 பூமியதிர்ச்சிக்குப் பிறகு ஜப்பானில் ஜிம்னாசியங்களில் தங்கியிருந்த குடும்பங்களுக்குக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் கொடுத்தது கடதாசிக் குழாய்ச் சட்டமும் துணித் திரையும்தான். அதே ஆள் சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிரிந்தையில் முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்கு வீடு கட்டியபோது அழுத்திய மண்கல்லில் சுவரும் உள்ளூர் ரப்பர் மரத்தில் தடுப்புகளும் வைத்தார். உலகப் பெயர் பெற்ற ஒருவர், திரையையும் வீட்டின் ஒரு பகுதியாகவே கணக்கெடுத்திருக்கிறார்.

பெரியவர்களிடமிருந்து வரப்போகிற கேள்வியும் தெரியும்: "எங்கட வீட்டில ஒளிச்சுச் செய்ய என்ன இருக்கு? திரைக்குப் பின்னால போன் பார்க்கவோ?" பயம் நியாயம்தான். ஆனால் போன் பார்க்க நினைக்கிற பிள்ளை போர்வைக்குள்ளும் பார்க்கும். திரை இல்லாததால் கெடுவது போன் இல்லை, படிப்பும் நித்திரையும்தான். 'உள்ளே வரலாமா' என்று கேட்டு வருகிற பழக்கம் வீட்டுக்கு வந்தால் அது பெரியவர்களுக்கும் மரியாதைதான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சேலையோ பாயோ அலுமாரியோ எதுவும் சத்தத்தை நிறுத்தாது. ரீவி எத்தனை மணிக்கு நிற்பது என்பதை வீட்டார் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். திரை கட்டுகிற அன்றே அதையும் பேசிவிடுங்கள். எந்த மூலையில் கட்டுவது என்பதை உங்கட தங்கச்சியிடமே கேளுங்கள்.